முதல் நாளே ஐந்து சுற்றா?

"சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கிட்டு இருக்கும்மா. தினமும் நடங்க" என்று டாக்டர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே சர்க்கரையால் காலில் ஆறாத புண் வந்து, கட்டை விரலை இழந்தவர் என் அம்மா. தினமும் கட்டுப் போட்டு விட்டவள் நான். பயம் வராதா?

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பி விட்டேன். மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினாலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். "பத்தாயிரம் அடி நடக்கணுமாம்மா" என்று மகள் செல்போனில் அடிக்கணக்கு பார்க்கச் சொல்லித் தந்திருந்தாள். விடுவேனா? தேய்ந்து போன ரப்பர் செருப்போடு ஐந்து சுற்று!

மறுநாள் கெண்டைக்கால் கல்லாகி விட்டது. அதோடும் விடாமல் நடந்ததில், நான்காம் நாள் குதிகாலை ஊன்ற முடியவில்லை. "எதுக்கு இந்த வேண்டாத வேலை? அடுப்படியில நடக்கிறது போதாதா?" என்றார் என் கணவர். அதுவே நல்ல சாக்காகப் போயிற்று. மூன்று மாதம் வாசற்படி தாண்டவில்லை. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இன்னும் ஏறியிருந்தது. அன்று இரவு தூக்கமே இல்லை. அம்மாவின் கால்தான் கண்முன் நின்றது.

என் தம்பி மனைவி பிசியோதெரபி படித்தவள். கதையைக் கேட்டுச் சிரித்து விட்டாள்.

"அண்ணி, அந்தப் பத்தாயிரம் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயர். மருத்துவர் எழுதிய அளவு இல்லை. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான வேகத்தில் நடந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதையும் முதல் நாளே எட்டணும்னு இல்லை" என்றாள்.

அவள் போட்டுத் தந்த திட்டம் இதுதான். முதல் வாரம் தினம் பத்தே நிமிடம். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்ட வேண்டும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மெதுநடை. நடுவில், பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். அடுப்படி நடையில் இந்த வேகம் வருமா, சொல்லுங்கள்! குதிகாலைத் தாங்கும் ஷூ அவசியம். வாரத்தில் இரண்டு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். நடை மட்டும் தசைக்கு வலு தராது.

இரண்டு மூன்று நாள் தசை வலித்தால் பயமில்லை. மூட்டு வலித்தாலோ, நெஞ்சு அழுத்தினாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், நடப்பதற்கு முன் என்ன சாப்பிடலாம் என்று கேட்டுக்கொண்டே தொடங்க வேண்டும். வெறும் வயிற்றில் நடந்து சர்க்கரை இறங்கி மயங்கி விழுவதும் உண்டு.

'பத்து நிமிஷமா? இதென்ன பிள்ளை விளையாட்டு!' என்று நினைத்தேன். ஆனால் வலி வராததால் மறுநாளும் போகத் தோன்றியது. ஐந்தாவது வாரம் அரை மணி ஆயிற்று. இப்போது எட்டு மாதமாகிறது. தினம் இரண்டு சுற்று. சர்க்கரை எல்லைக்குக் கீழே இறங்கி விட்டது. "அடுப்படி நடை போதும்" என்றவரும் இப்போது கூடவே வருகிறார்!

சகோதரிகளே, நாளைக்கே தொடங்குங்கள். ஆனால் 'இவ்வளவுதானா?' என்று தோன்றும்போதே வீட்டுக்குத் திரும்பி விடுங்கள். அப்போதுதான் மறுநாளும் போவீர்கள்.