வண்டலின் பயணம்

ஆற்று வண்டலை வயலுக்கு இடலாமா என்று நம் சங்க அங்கத்தினரான விவசாயிகள் நம்மிடம் வினவுவதுண்டு. கோடையில் ஏரி, குளங்களின் வண்டலை வெட்டி வயலுக்கு இடுவது நம் முன்னோர் கண்ட நல்வழக்கமே. ஆயினும் நொய்யலாற்று வண்டலைக் குறித்து விடை கூறுமுன், வண்டல் எங்கே பிறக்கிறது, எங்ஙனம் நகர்கிறது, எங்கே தங்குகிறது என்பதை அறிதல் அவசியம்.

மலைப்பாறை வெயிலாலும் மழையாலும் சிதைந்து மண்ணாகிறது. வெள்ளம் அதனை அரித்து ஆற்றில் சேர்க்கிறது. கனமான மணல் ஆற்றின் அடியில் உருண்டு செல்லும். களிமண் துகளோ நீரில் கலந்து மிதந்து செல்லும். ஒரு மில்லிமீட்டரை 500 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அதனினும் நுண்ணியது இத்துகள். இத்துகள்கள் யாவும் ஒரேவகை மின்னூட்டம் உடையவை; ஆகையால் ஒன்றையொன்று விலக்கி, நன்னீரில் எளிதில் படியமாட்டா.

ஆறு கடலைச் சேரும் கழிமுகத்தில் நிலைமை மாறுகிறது. கடல்நீரின் உப்பு அவ்விலக்கத்தைத் தணிக்க, துகள்கள் ஒட்டித் திரண்டு கீழே படிகின்றன. சாயக் கழிவுநீரில் சுண்ணாம்பும் அன்னபேதியும் இட்டவுடன் சேறு திரண்டு இறங்குவதைச் சாயப்பட்டறைத் தோழர்கள் கண்டிருப்பார்கள். ஏறக்குறைய அதே தத்துவந்தான் இதுவும். கடலேற்றம் சேற்றைக் கலக்கி உள்ளே கொணரும். நீரோட்டம் ஓயும் வேளையில் அது படியும். வற்றம் ஒரு பகுதியை மீண்டும் வெளியே இழுக்கும். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்தி மரங்களின் வேர்கள் அச்சேற்றைப் பிடித்து நிறுத்துகின்றன.

இடையில் அணை குறுக்கிட்டால், ஓட்டம் தளர்ந்து வண்டல் அங்கேயே படியத் தொடங்கும். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் காவிரி வண்டல் இவ்வாறே தங்குகிறது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கும் நொய்யலிலும் இதுவே நிகழ்ந்தது. பாசனத்திற்கென ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை 1992இல் பயனுக்கு வந்தது. ஆனால் அங்கே சாயக் கழிவு தேங்கி, நீர் பாசனத்திற்கு உதவாது போயிற்று. விதிகளை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை அங்கத்தினர் அறிவர்.

இங்கே ஒன்றைக் கருத்தில் இருத்த வேண்டும். கரைந்த உப்பில் பெரும்பகுதி நீரோடு போய்விடும். உலோகங்களோ களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு அதனுடனேயே தங்கும். பெருவெள்ளம் வந்து சேற்றைக் கலக்கினால் அவையும் கீழ்நோக்கிப் பயணம் புறப்படும். ஆகவே, நீர் தெளிந்தது கொண்டு சேறும் தூயதாயிற்று என எண்ணலாகாது.

நொய்யல் வண்டலைப் பரிசோதியாமல் வயலுக்கு இட வேண்டாம் என்பதே நம் விடை. வழக்கமான மண் பரிசோதனையில் உப்புநிலையும் காரநிலையும் தெரியவரும். உலோகங்களுக்குத் தனியே பரிசோதனை கோர வேண்டும். செலவு ஒருவருக்கு அதிகமெனில், பலர் கூடிச் சங்கத்தின் மூலம் செய்து கொள்ளலாம்.

நெசவாளர் விட்ட நீரே உழவர் நிலத்தின் மண்ணாகிறது. இருவரும் ஒரே ஆற்றின் மக்கள் என்பதை மறவாதிருப்போமாக.