அஞ்சுபவர்க்குத் துணை நிற்றல்

தமிழக எல்லையை ஒட்டிய சாமராஜநகரைப் பற்றிக் கர்நாடக அரசியலில் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை உண்டு. அங்குக் காலடி வைக்கும் முதலமைச்சர் பதவியை இழப்பார் என்பதே அது. 1997-இல் மைசூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பின்னரும் முதலமைச்சர்கள் சிலர் அந்நகரைத் தவிர்த்தனர். 2013-இல் முதலமைச்சரான சித்தராமையா அங்குப் பலமுறை சென்றார். ஐந்தாண்டுப் பதவிக்காலத்தையும் நிறைவு செய்தார்.

மூடநம்பிக்கை வேறு, பதற்ற நோய் வேறு. ஆயினும், தவிர்க்கத் தவிர்க்க அச்சம் வேரூன்றும் என்பது இரண்டுக்கும் பொது.

நம் இல்லங்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். பேருந்தில் ஏற அஞ்சும் மகளை நாள்தோறும் நாமே வண்டியில் கொண்டுபோய் விடுகிறோம். வங்கிக்கு வரத் தயங்கும் கணவருக்காக நாமே வரிசையில் நிற்கிறோம். அன்பினால் செய்வதுதான். அப்போதைக்கு அவருக்கு நிம்மதி கிடைக்கிறது. ஆனால் ‘என்னால் இயலாது’ என்ற எண்ணம் மேலும் உறுதிப்படுகிறது.

மாற்றுவழி, சிறு படிகளாக முன்னேறுவது. முதல் நாள் வங்கி வாசல்வரை உடன் செல்லுங்கள். மறுமுறை உள்ளே சற்று நேரம் அமருங்கள். பிறகு அவரே படிவத்தை நிரப்பட்டும். நீங்கள் அருகில் இருங்கள். அடுத்து, வெளியே காத்திருங்கள். வேகத்தை அவரே முடிவு செய்யட்டும். அவருடைய ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வது உதவியாகாது.

“இதற்கெல்லாமா பயம்?” என்று கேட்காதீர்கள். “உனக்குக் கடினமாக இருப்பது தெரிகிறது, நான் உடனிருக்கிறேன்” என்பது போதும். படபடப்பு மிகுந்தால் அருகில் அமர்ந்து, மெதுவாக மூச்சுவிடத் துணை செய்யுங்கள். ஆனால் முதன்முறை நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால், பதற்றம்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உறக்கமும் வேலையும் பாதிக்கப்பட்டால் மனநல மருத்துவரை நாடுவதே முறை. பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் நல்ல பலன் தருகின்றன. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். நோயாளி மட்டுமன்றி, அவரைப் பேணுபவரும் அழைக்கலாம். உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. உங்கள் பாலிசியின் விதிகளை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அடுத்த முறை எங்கள் கிளைக்கு வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள். வாசல்வரை வந்து திரும்பினாலும் அது ஒரு முன்னேற்றமே.