பேர்லின் பழக்கப்படுத்தல் முறை

பேர்லின் பழக்கப்படுத்தல் முறை என்பது, மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பகல் நேரப் பராமரிப்பு நிலையங்களுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் படிப்படியாகப் பழக்குவதற்கு ஜேர்மனியில் கையாளப்படும் ஒரு வழிமுறையாகும். பெற்றோரில் ஒருவர் முதற் சில நாட்கள் பிள்ளையுடன் பள்ளியிலேயே தங்கியிருப்பதும், பிள்ளை அங்குள்ள பராமரிப்பாளர் ஒருவருடன் நம்பிக்கையான உறவை ஏற்படுத்திக்கொண்ட பின்னரே பெற்றோர் விலகுவதும் இம்முறையின் அடிப்படை ஆகும். 1980களில் மேற்கு பேர்லினில் உருவாக்கப்பட்ட இம்முறை, பின்னர் ஜேர்மன் மொழி பேசப்படும் பிற நாடுகளிலும் பரவியது.

பெயர்

ஜேர்மன் மொழியில் இச்செயற்பாடு 'ஐன்கெவோனுங்' எனப்படுகின்றது. புதிய இடத்துக்கோ புதிய நிலைமைக்கோ பழகிக்கொள்ளுதல் என்பது இதன் பொருள். பிள்ளையை ஓர் இடத்தில் 'சேர்த்தல்' என்பதில் இருந்து இது வேறுபட்டது. சேர்த்தல் ஒரு நாளில், ஒரு படிவத்தில் முடிந்துவிடும். பழகுதல் பிள்ளை செய்ய வேண்டிய வேலை. அதற்கு எடுக்கும் காலத்தைப் பெரியவர்கள் முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது.

கோட்பாட்டுப் பின்னணி

இம்முறை பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பி (1907–1990) முன்வைத்த பற்றுக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. இக்கோட்பாட்டின்படி, குழந்தை தன் முதல் ஆண்டில் தன்னைத் தொடர்ந்து பராமரிக்கும் ஒருவர் அல்லது சிலருடன் நெருங்கிய பற்றை ஏற்படுத்திக்கொள்கின்றது. அச்சமோ களைப்போ ஏற்படும்போது அவரை நாடி ஓடுகின்றது; அமைதி அடைந்ததும் மீண்டும் சுற்றுப்புறத்தை ஆராயச் செல்கின்றது. போல்பியுடன் பணியாற்றிய மேரி ஐன்ஸ்வேர்த் (1913–1999) பற்றுக்குரிய இவ்வாளைப் 'பாதுகாப்பான தளம்' என்று விளக்கினார். தாய் அறையில் இருக்கும்போது விளையாடும் குழந்தை, தாய் வெளியேறியதும் விளையாட்டை நிறுத்திவிடுவதை இதனால் விளங்கிக்கொள்ளலாம். விளையாட்டுப் பொருட்கள் மாறவில்லை. தளம் இல்லாமற் போய்விட்டது.

பிரிவு சிறு பிள்ளைகளை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை உலகுக்குக் கண்கூடாகக் காட்டியவர் ஜேம்ஸ் ரொபேட்சன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலண்டனில் அன்னா ஃபிராய்ட் நடத்திய ஹாம்ஸ்டெட் போர்க்கால மழலையர் காப்பகத்தில், கொதிகலனைக் கவனிக்கும் பணியாளராக இவர் வேலைக்குச் சேர்ந்தார் என்பது சுவையான செய்தி. அக்காப்பகத்தில் பிள்ளைகள் சிறு 'குடும்பங்களாக' பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவும் ஒரு பராமரிப்பாளரின் பொறுப்பில் விடப்பட்டது. பின்னாளில் ரொபேட்சன் 1952இல், மருத்துவமனையில் எட்டு நாட்கள் தங்கவைக்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். 1969இல் ஜோய்ஸ் ரொபேட்சனும் அவரும் வெளியிட்ட மற்றொரு படம், தங்கிப் பராமரிக்கும் காப்பகம் ஒன்றில் ஒன்பது நாட்கள் விடப்பட்ட 17 மாதக் குழந்தையைக் காட்டுகின்றது. அக்குழந்தை முதலில் பணியாளர்களில் யாராவது ஒருவரை அணுக முயல்கின்றது. பணிமுறை மாறிக்கொண்டே இருப்பதால் எவரும் அதற்கென நிலைத்திருக்கவில்லை. நாட்கள் செல்லச் செல்ல அது உணவை மறுத்து, ஒரு பெரிய கரடிப் பொம்மையுடன் ஒதுங்கிக்கொள்கின்றது. பணியாளர்கள் கொடியவர்கள் அல்லர். குழந்தைக்கென ஒருவர் ஒதுக்கப்படவில்லை என்பதே குறை. பேர்லின் முறையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பிட்ட பராமரிப்பாளர் அமர்த்தப்படுவதை இப்பின்னணியில் நோக்க வேண்டும்.

தோற்றம்

பேர்லினில் இயங்கிய 'இன்ஃபான்ஸ்' என்னும் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ்-யோவாகிம் லேவன், பெயாட்டெ ஆண்ட்ரெஸ் ஆகியோர் இம்முறையை உருவாக்கினர். ஏவா ஹேடர்வாரியும் இதில் பங்களித்தார். 1980களின் தொடக்கத்தில் மேற்கு பேர்லின் பராமரிப்பு நிலையங்களில் லேவன் மேற்கொண்ட ஆய்வில், பெற்றோர் துணையின்றித் திடீரென விடப்பட்ட பிள்ளைகள் நோய் காரணமாக நிலையத்துக்கு வராதிருந்த நாட்கள், துணையுடன் பழக்கப்பட்ட பிள்ளைகளைவிடக் கணிசமாக அதிகம் என்பது தெரியவந்தது. அழுகை சில நாட்களில் 'தானாக நின்றுவிடும்' என்னும் பரவலான கருத்தை இம்முடிவு கேள்விக்கு உள்ளாக்கியது.

செயல்முறை

பிள்ளை வருவதற்கு முன்பே பராமரிப்பாளர் பெற்றோருடன் உரையாடுகின்றார். பிள்ளை எவ்வாறு உறங்கும், எதை உண்ணும், எதற்கு அஞ்சும், எவ்வாறு ஆறுதல் அடையும் என்பன இவ்வுரையாடலில் கேட்டறியப்படுகின்றன. வீட்டில் வேறு மொழி பேசும் குடும்பங்களில், ஜேர்மனியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் போன்றவற்றில், பால், தண்ணீர், தூக்கம், வலி முதலியவற்றுக்குப் பிள்ளை பயன்படுத்தும் சொற்களையும் எழுதிக் கொடுப்பது பயன் தரும். 'தண்ணி' என்று கேட்கும் பிள்ளைக்கு அது கிடைக்குமானால், அந்த இடத்தைப் பற்றிய அதன் எண்ணமே மாறிவிடும்.

முதல் மூன்று நாட்கள் அடிப்படைக் கட்டம் எனப்படுகின்றன. தாயோ தந்தையோ பிள்ளையுடன் நிலையத்துக்கு வந்து, ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் குழுவறையில் தங்கிப் பின்னர் பிள்ளையுடனேயே வீடு திரும்புகின்றார். இந்நாட்களில் பிரிவு முயற்சி எதுவும் மேற்கொள்ளப்படுவதில்லை. பெற்றோர் ஓர் இடத்தில் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும். பிள்ளை அருகில் வந்தால் அணைத்துக்கொள்ளலாம். ஆனால் "போய் விளையாடு" என்று தள்ளிவிடக்கூடாது. நூல் வாசித்தல், கைப்பேசியில் மூழ்குதல், பிற பிள்ளைகளுடன் விளையாடுதல் ஆகியனவும் தவிர்க்கப்பட வேண்டும். சும்மா இருப்பது போல் தோன்றும் இப்பணி, பெற்றோர் பலருக்கு எதிர்பார்த்ததைவிடக் கடினமாக அமைகின்றது. அணையாடை மாற்றுதல், உணவூட்டல் ஆகியவற்றை இக்கட்டத்தில் பெற்றோரே செய்ய, பராமரிப்பாளர் பார்த்திருக்கின்றார். இடையிடையே விளையாட்டுப் பொருள் ஒன்றின் மூலம் அவர் பிள்ளையை மெதுவாக அணுகுகின்றார்.

நான்காம் நாளில் முதற் பிரிவு முயற்சி நடைபெறுகின்றது. வந்து சில நிமிடங்களின் பின்னர், பெற்றோர் பிள்ளையிடம் விடைபெற்று அறையை விட்டு வெளியேறி, அருகிலேயே காத்திருக்கின்றார். பிள்ளை அமைதியாக இருந்தால், அல்லது அழுதாலும் பராமரிப்பாளரால் விரைவில் ஆறுதல் அடைந்தால், பிரிவு 30 நிமிடங்கள் வரை நீடிக்கலாம். ஆறுதற்படுத்த முடியாதவாறு அழுதால், இரண்டு மூன்று நிமிடங்களிலேயே பெற்றோர் திரும்ப அழைக்கப்படுகின்றார். நான்காம் நாள் திங்கட்கிழமையாக அமைந்தால் முயற்சி மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்படும். இரண்டு நாட்கள் வீட்டில் இருந்து வரும் பிள்ளைக்குத் திங்கட்கிழமை ஏறத்தாழ முதல் நாள் போன்றதே என்பது இதற்குக் காரணம்.

தொடர்ந்து வரும் காலத்தின் அளவை இந்தச் சில நிமிடங்களே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. பிரிவை எளிதில் தாங்கும் பிள்ளைக்கு ஏறக்குறைய ஆறு நாட்களும், மற்றவர்களுக்கு இரண்டு முதல் மூன்று வாரங்களும் எடுக்கலாம். நீண்ட காலம் தேவைப்படும் பிள்ளைக்கு அடுத்த பிரிவு முயற்சி ஏழாம் நாளுக்கு முன் செய்யப்படுவதில்லை. நீண்ட காலம் எடுப்பது பிள்ளையின் குறைபாடாகவோ வளர்ப்பின் குறைபாடாகவோ கொள்ளப்படுவதில்லை.

நிலைப்படுத்தற் கட்டத்தில் உணவூட்டலும் அணையாடை மாற்றுதலும் பராமரிப்பாளரின் கைக்கு மாறுகின்றன. பெற்றோர் இப்போது பார்வையாளர் மட்டுமே. பிரிவு நேரம் நாள்தோறும் சிறிது கூட்டப்படுகின்றது. இறுதிக் கட்டத்தில் பெற்றோர் நிலையத்தில் இருப்பதில்லை. எனினும் தேவை ஏற்பட்டால் உடனே வரக்கூடிய தொலைவில் இருக்க வேண்டும். துன்பப்படும் வேளையில் பிள்ளை பராமரிப்பாளரை நாடி, அவரிடம் ஆறுதல் அடையுமானால் பழக்கப்படுத்தல் நிறைவுற்றதாகக் கருதப்படுகின்றது. பெற்றோர் செல்லும்போது பிள்ளை அழாமல் இருக்க வேண்டும் என்பது இங்கு அளவுகோல் அன்று.

விடைபெறுதல்

பிள்ளை விளையாட்டில் ஆழ்ந்திருக்கும் நேரம் பார்த்து, சொல்லாமல் நழுவிச் செல்வது உலகெங்கும் பெற்றோர் கையாளும் உத்தியாகும். அன்றைய அழுகையை இது தவிர்க்கலாம். ஆனால் திரும்பிப் பார்க்கும்போது தாயைக் காணாத பிள்ளை, விளையாடினால் தாய் மறைந்துவிடுவாள் என்று கற்றுக்கொள்கின்றது. அடுத்த நாள் அது மடியை விட்டு இறங்க மறுப்பதில் வியப்பில்லை. ஆகவே பேர்லின் முறையில் விடைபெறுதல் கட்டாயமானது. அது சுருக்கமாகவும் நாள்தோறும் ஒரே வகையாகவும் இருக்க வேண்டும்: ஒரு சொல், ஒரு முத்தம், சாளரத்தருகே ஒரு கையசைப்பு. சென்றபின் அழுகை கேட்டுத் திரும்பி வந்து, மீண்டும் விடைபெற்று, மீண்டும் திரும்புவது பிள்ளைக்கு நிலையத்தை நம்ப முடியாத இடமாக ஆக்கிவிடும். அழைக்கும் பொறுப்பு பராமரிப்பாளருடையது.

ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கடிகார நேரம் விளங்குவதில்லை. "மூன்று மணிக்கு வருவேன்" என்பதைவிட "தூங்கி எழுந்ததும் வருவேன்" என்பது பொருளுள்ளது. சொன்னபடி வருவது அதைவிட முக்கியமானது.

அழுகையும் அமைதியும்

அழாத பிள்ளை எளிதில் பழகிவிட்டது என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. லீசலொட் ஆனர்ட்டும் அவருடன் இணைந்த ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இங்கு குறிப்பிடத்தக்கது. பேர்லினில் 15 மாத வயதுடைய 70 குழந்தைகளிடம், மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் கோர்ட்டிசோல் என்னும் இயக்குநீரின் அளவு ஆராயப்பட்டது. தாய் உடனிருந்த நாட்களில், தாயுடன் பாதுகாப்பான பற்றுக் கொண்ட குழந்தைகளிடம் இவ்வளவு குறைவாகவே காணப்பட்டது. தாய் பிரிந்து சென்ற முதல் நாட்களிலோ, பிரிந்த ஒரு மணி நேரத்துக்குள் அது வீட்டில் இருந்ததைவிட 75 முதல் 100 விழுக்காடு வரை உயர்ந்தது. பாதுகாப்பான பற்றுள்ள குழந்தைகள் பிரிவின்போது மற்றவர்களைவிட அதிகமாகவே அழுதனர். அவர்களின் அழுகை கோர்ட்டிசோல் அளவுடன் ஒத்திருந்தது. மற்றக் குழந்தைகளிடம் அத்தகைய தொடர்பு தெளிவாக இல்லை. அதாவது, வெளியே அமைதியாகத் தெரியும் குழந்தை உள்ளே அமைதியாக இருப்பதாகக் கொள்ள முடியாது. பழக்கப்படுத்தலுக்குத் தாய் கூடுதல் நாட்கள் செலவிட்ட குழந்தைகளில், தாயுடனான பற்று பாதுகாப்பாக நீடித்தது அல்லது பாதுகாப்பானதாக மாறியது என்பதும் இவ்வாய்வின் முடிவாகும்.

எனவே பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்கள் பிற அறிகுறிகளையும் கவனிக்கின்றனர். பிள்ளை விளையாடுகின்றதா, உண்கின்றதா, உறங்குகின்றதா என்பன இவற்றுள் சில. மூலையில் அசையாது நின்று மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளை, உரக்க அழும் பிள்ளையைவிட எளிதில் கவனிக்கப்படாமற் போகின்றது.

வீட்டில் இருந்து கொண்டுவரும் போர்வைத் துண்டு, துணிப் பொம்மை போன்றவையும் ஆறுதல் அளிக்கின்றன. ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் டொனால்ட் வினிகொட் 1953இல் வெளியிட்ட கட்டுரையில் இவற்றை 'இடைநிலைப் பொருட்கள்' என்று அழைத்தார். இவற்றைத் துவைக்காமல் கொடுப்பதே நல்லது. வீட்டின் மணமே இவற்றின் மதிப்பு.

சட்டமும் நடைமுறையும்

ஜேர்மனியில் 2013 ஆகத்து 1 முதல், ஒரு வயது நிறைவடைந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பராமரிப்பு இடம் பெறும் சட்டப்படியான உரிமை உண்டு. 2007இல் அறிமுகமான பெற்றோர் உதவித்தொகை, அதன் அடிப்படை வடிவில், இரு பெற்றோரும் பகிர்ந்துகொண்டால் 14 மாதங்கள் வரை வழங்கப்படுகின்றது. இதனால் பெருந்தொகையான பிள்ளைகள் 12 முதல் 14 மாத வயதில் நிலையங்களுக்கு வருகின்றனர். பிரிவு அச்சம் உச்சத்தில் இருக்கும் வயதும் ஏறத்தாழ இதுவே. உதவித்தொகை முடியும் நாளையே வேலைக்குத் திரும்பும் நாளாகக் குறித்த பெற்றோர், மூன்று வாரம் நீளும் பழக்கப்படுத்தலின் நடுவில் நெருக்கடிக்கு உள்ளாகின்றனர். வேலைக்குத் திரும்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது என்று நிலையங்கள் அறிவுறுத்துவது இதனாலேயே ஆகும்.

மூத்த பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லும் கோடை இறுதியில்தான் பெரும்பாலான இடங்கள் காலியாகின்றன. ஒரே குழுவுக்குப் பல புதிய பிள்ளைகள் வரும்போது, அவர்களை வெவ்வேறு வாரங்களில் தொடங்கச் செய்வதும் உண்டு.

பிற முறைகள்

மியூனிக் முறை, உளவியலாளர் குனோ பெல்லரின் பங்களிப்புடன் 1987 முதல் 1991 வரை அந்நகரில் நடைபெற்ற ஆய்வுத் திட்டத்தில் இருந்து தோன்றியது. இது பராமரிப்பாளரை மட்டுமன்றி, ஏற்கெனவே அங்குள்ள பிள்ளைகளையும் புதிய பிள்ளையின் துணையாகக் கருதுகின்றது. முதற் பிரிவும் சற்றுப் பிந்தியே நிகழ்கின்றது. சுவீடனில் பரவலாகியுள்ள மூன்று நாள் முறையில், பெற்றோர் முழு நாளும் பிள்ளையுடன் தங்கி, விளையாட்டு, உணவு, உறக்கம் அனைத்திலும் பங்கெடுத்தபின் நான்காம் நாளில் விலகுகின்றனர். யப்பானில் ஏப்ரலில் தொடங்கும் பராமரிப்பு ஆண்டின் முதல் வாரங்களில், பிள்ளை நாளுக்கு ஓரிரு மணி நேரம் மட்டும் விடப்பட்டு, நேரம் படிப்படியாகக் கூட்டப்படுகின்றது. அங்கு பெற்றோர் பொதுவாக உடன் தங்குவதில்லை.

விமர்சனங்கள்

பேர்லின் முறை ஒரு பிள்ளை, ஒரு பெற்றோர், ஒரு பராமரிப்பாளர் ஆகிய மூவரின் உறவில் மட்டும் கவனம் செலுத்துவதாகவும், பிற பிள்ளைகளின் பங்கைக் குறைத்து மதிப்பிடுவதாகவும் விமர்சிக்கப்படுகின்றது. நாள் கணக்கைச் சில நிலையங்கள் கால அட்டவணையாகக் கொண்டு, நான்காம் நாள் வந்துவிட்டது என்பதற்காகவே பெற்றோரை வெளியேறச் சொல்வதும் உண்டு. இது முறையின் நோக்கத்துக்கு மாறானது.

மிகப் பெரிய இடர்ப்பாடு ஆட்பற்றாக்குறையாகும். ஒரு பராமரிப்பாளர் வாரக்கணக்கில் ஒரே பிள்ளைக்கு முதன்மை அளிக்க வேண்டுமானால், குழுவிலுள்ள மற்றப் பிள்ளைகளைக் கவனிக்க வேறொருவர் இருக்க வேண்டும். அவர் நோயுற்றாலோ பணியை விட்டு விலகினாலோ, பிள்ளை மற்றொருவருடன் முதலில் இருந்து தொடங்க வேண்டியதாகின்றது. இதனைத் தவிர்க்கச் சில நிலையங்கள் தொடக்கம் முதலே இரண்டாவது பராமரிப்பாளர் ஒருவரையும் பிள்ளைக்கு அறிமுகப்படுத்துகின்றன.