காரின் குளிர்சாதனம் வெப்பக் காற்று வீசுவதேன்?

ஜார்ஜ் டவுன் நகரின் புழுக்கம் பொறாத ஆங்கிலேய அதிகாரிகள் முன்னாளில் கொடிமலை மீது மாளிகைகள் அமைத்துக் கொண்டனர். 1923-ஆம் ஆண்டில் மலை இரயில் ஓடத் தொடங்கியபின், பொதுமக்களும் அக்குளிர்ச்சியை எளிதில் நுகரலாயினர். இன்றோ, மலையேறாமலே அக்குளிர்ச்சி காருக்குள் கிடைக்கிறது. ஆனால் ஒருநாள் நடுப்பகலில், நீண்ட வாகன வரிசையில் நிற்கும்போது, குளிர்ந்த காற்று வந்த துளைகளிலிருந்து வெப்பக் காற்று வீசத் தொடங்கினால், ஓட்டுநர் செய்வதறியாது திகைக்கிறார். பட்டறைக்குச் சென்று, 'கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்புங்கள்' என்கிறார். சில வாரங்கள் சென்றபின் அதே குறை, அதே செலவு.

கேஸ் என்பது பெட்ரோலைப் போல் எரிந்து தீரும் பொருளன்று. அது மூடிய குழாய்களுக்குள் ஓயாமல் சுற்றி வருவது. அது பெரிதும் குறைந்துவிட்டதென்றால் எங்கோ கசிவு இருக்கிறதென்பதே பொருள். இந்த ஓர் உண்மையை அறிந்தவர்க்குப் பாதிச் செலவு மிச்சம்.

குளிர்ச்சி எவ்வாறு பிறக்கிறது? உண்மையில் எவ்வியந்திரமும் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை; ஓரிடத்து வெப்பத்தை எடுத்து வேறோரிடத்தில் விடுகிறது. மண்பானையில் ஊறிக் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை ஈர்த்துச் செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. காரிலும் அதே தத்துவந்தான். கம்ப்ரசர் என்னும் அமுக்கி, ஆவியை அழுத்திச் சூடாக்கி, ரேடியேட்டரின் முன்னே நிற்கும் குளிர்விப்புத் தட்டிக்கு அனுப்புகிறது. அங்கே அது வெளிக்காற்றிடம் வெப்பத்தை விட்டு நீர்மமாகிறது. பின்னர் ஒரு குறுகிய வால்வு வழியே புகுந்து, அழுத்தம் குறைந்து, முகப்புப் பலகையின் பின்னுள்ள சுருளில் கொதித்து ஆவியாகிறது. ஆர்-134ஏ என்னும் பொருள் சாதாரணக் காற்றழுத்தத்தில் சுழியத்திற்குக் கீழே 26 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அது கொதிப்பதற்கு வேண்டிய வெப்பம் காரின் உட்காற்றிலிருந்து எடுக்கப்படுகிறது.

1939-இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் இத்தகைய சாதனத்தைக் காரில் பொருத்தித் தர முன்வந்தது. அது சாமான் அறையில் பாதியை அடைத்துக் கொண்டது. அமுக்கியை நிறுத்த வேண்டுமானால், வண்டியை நிறுத்தி இறங்கி வார்ப்பட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது! இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

இனி, குறையை அறியும் வழியைக் காண்போம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: காற்றே குறைவாக வருகிறதா, அல்லது காற்று வேகமாக வந்தும் குளிர்ச்சி இல்லையா? காற்றே குறைவாயின், தூசு வடிகட்டி அடைபட்டிருக்கலாம், விசிறி பழுதாகியிருக்கலாம், அல்லது உட்சுருளில் பனிக்கட்டி படிந்திருக்கலாம். குளிர்சாதனத்தை அணைத்து விசிறியை மட்டும் சிறிது நேரம் ஓடவிட்டபின் காற்று மீண்டும் வருமாயின், பனிக்கட்டியே காரணம் எனத் துணியலாம்.

காற்று வேகமாக வந்தும் குளிரவில்லையாயின், வண்டி எப்பொழுது குளிர்கிறது என்று கவனிக்க வேண்டும். 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தில் தடையின்றி ஓடும்போது நன்கு குளிர்ந்து, நெரிசலில் நின்றவுடன் வெப்பக் காற்று வருமாயின், குற்றம் பெரும்பாலும் கேஸில் இல்லை. ஓடும் வேகத்தில் தட்டியின் மீது எதிர்க்காற்று மோதுகிறது. நிற்கும்போது விசிறியே அவ்வேலையைச் செய்ய வேண்டும். ஆகவே விசிறியும், தூசும் பூச்சிகளும் அடைத்த தட்டியுமே முதலில் ஆராயத்தக்கவை.

எப்பொழுதும் குளிரவில்லையாயின், எஞ்சினை ஓடவிட்டு, சாதனத்தை முடுக்கும்போது அமுக்கியிலிருந்து 'டக்' என்ற ஒலி எழுகிறதா எனக் கேட்கலாம். பல வண்டிகளில் அமுக்கியின் கிளட்ச் பிடித்துக்கொள்ளும் ஒலி அது. ஒலி எழாவிடில் பியூஸ் எரிந்திருக்கலாம், ரிலே பழுதாகியிருக்கலாம், கேஸ் மிகக் குறைந்ததால் காவல் சுவிட்சே அமுக்கியைத் தடுத்திருக்கலாம். எஞ்சின் மிகையாகச் சூடேறினாலும் சில வண்டிகள் குளிர்சாதனத்தைத் தாமாகவே நிறுத்திவிடும். ஆகையால் வெப்பமானியின் முள்ளைப் பார்ப்பது முதற் கடமை. குளிர்ச்சி போனால் வியர்க்கும். எஞ்சின் போனால் பெருஞ்செலவு.

கசிவைக் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. கேஸுடன் சிறிது எண்ணெயும் சுற்றுவதால், கசியும் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்து தூசு ஒட்டியிருக்கும். கடலோரச் சாலைகளில் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்றால் குழாய்களும் தட்டியும் அரிபடுதல் இயல்பு. வண்டியின் அடியில் நீர் சொட்டுவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஈரக்காற்று உட்சுருளில் பட்டு நீராவது இயல்பே. அது சாதனம் வேலை செய்வதற்கான நற்குறி.

திருத்தும் முறை இதுதான்: கசிவை அடைத்து, உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பினால் நீக்கி, குறிப்பிட்ட எடையளவு கேஸை மட்டும் நிரப்ப வேண்டும். அவ்வளவு பெரும்பாலும் எஞ்சின் மூடியின் உட்புறச் சீட்டில் இருக்கும். மிகுதியாக நிரப்பினாலும் குளிர்ச்சி குறையும். கசிவை விட்டுவிட்டு நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். குழாயைத் தாமே கழற்றலாகாது. பீறிடும் நீர்மம் தோலையும் கண்ணையும் உறையச் செய்து புண்படுத்தும்.

இது பணத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. முன்னர்ப் பயன்பட்ட சிஎப்சி-12 வானின் ஓசோன் படலத்தை அழிக்கும் என்பதை 1974-இல் மொலினா, ரோலண்டு ஆகிய அறிஞர்கள் எடுத்துக் காட்டினர். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1989-இல் மலேசியாவும் அதில் இணைந்தது. அதன் இடத்தில் வந்த 134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆயினும் புவியை வெப்பமாக்குவதில், எடைக்கு எடை, கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்கிற்கும் மேல் வலியது. கசியும் குழாயை அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்புவோர், தம் காரைக் குளிர்விக்க உலகைச் சூடாக்குகின்றனர்.

குளிர் நாடுகளில் இதற்கு நேர்மாறான முறையீடு எழுவதுண்டு: 'வெப்பம் வர வேண்டிய துளையில் குளிர்காற்று வருகிறது!' அங்கே எஞ்சினைக் குளிர்விக்கும் சுடுநீரே ஒரு சிறு ரேடியேட்டர் வழியாக ஓடி உட்காற்றைச் சூடேற்றுகிறது. நீர் குறைந்தாலும், இடையில் காற்று அடைத்தாலும், தெர்மோஸ்டாட் மூடாமல் நின்றாலும், சிறு ரேடியேட்டர் தூர்ந்தாலும் சூடு வராது. பினாங்கில் குளிர்ச்சிக்காகத் தவிப்பவரும், லண்டனில் வெப்பத்திற்காக நடுங்குபவரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வெப்பம் எங்கிருந்து எங்குச் செல்ல வேண்டும், வழியில் எங்கே தடைபட்டது? அதற்கு விடை கண்டபின் பட்டறைக்குச் செல்வோர் ஏமாறுவது அரிது.