கால்நடையும் ஒட்டுண்ணியும்

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டென்பதைப் பழந்தமிழ் நூல்களைப் பயில்வோர் அறிவர். ஒரு சொல்லே விலங்கையும் செல்வத்தையும் குறித்து நின்றமையால், நம் முன்னோர்க்குக் கால்நடையே கைப்பொருளாய் இருந்ததென்பது தெளிவாம். சேலம், நாமக்கல் சமவெளியில் அந்நிலை இன்றும் முற்றும் மாறிவிடவில்லை. மழை பொய்த்த ஆண்டில் நிலம் கைவிடினும், பட்டியில் நிற்கும் நான்கு ஆடுகள் குடியானவனைக் கைவிடுவதில்லை. மகளின் திருமணத்திற்கும், மகனின் படிப்பிற்கும், எதிர்பாராத நோய்ச் செலவிற்கும் அப்பட்டியே அவனுக்குப் பணப்பெட்டி. அப்பெட்டியுள் ஓசையின்றிப் புகுந்து முதலையே தின்னும் கள்வர் சிலரைப் பற்றி ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவை ஒட்டுண்ணிகள்.

பிறிதோர் உயிரின் உடலை ஒட்டி நின்று, அதன் உணவையோ உதிரத்தையோ உண்டு வாழ்வது ஒட்டுண்ணி எனப்படும். குடலிலும் ஈரலிலும் வாழும் உருண்டைப்புழு, தட்டைப்புழு, நாடாப்புழு ஆகியவையும், கண்ணுக்குப் புலனாகாத ஓரணு உயிர்கள் சிலவும் அக ஒட்டுண்ணிகள். தோலைப் பற்றி வாழும் உண்ணி, பேன் முதலியன புற ஒட்டுண்ணிகள். மாட்டுக்கு வரும் கோமாரியும், கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சலும் இவற்றின் வேறானவை. அவை வைரஸ் என்னும் நுண்ணுயிரால் தோன்றிச் சின்னாளில் ஊரையே கலக்கிவிடும். அதனால் மக்கள் அவற்றுக்கு அஞ்சுவர். ஒட்டுண்ணியோ மெல்ல உண்ணும். பால் சிறிது குறையும், குட்டி எடை ஏறாது, மயிர் பொலிவிழக்கும். உடையவன் தீவனத்தையும் காலத்தையும் நொந்துகொண்டிருப்பான். இக்கள்வர் தாமே வழி கண்டு வருவதில்லை என்பதும், நாம் திறந்து வைத்த வழியாகவே வருகின்றனர் என்பதுமே யாம் இங்குக் கூற விரும்புவன.

முதற்கண் ஆட்டை எடுத்துக்கொள்வோம். மேச்சேரிச் செம்மறியும், சேலம் கருப்பு என்னும் வெள்ளாடும் இந்நிலத்திற்கே உரிய இனங்கள். இவற்றுக்குப் பெரும்பகையாவது ஹீமாங்கஸ் என்னும் உருண்டைப்புழு. அசைபோடும் விலங்கின் வயிறு நான்கு அறைகளை உடையது; நான்காம் அறையே செரிமான நீர் சுரக்கும் உண்மையான இரைப்பை. அவ்வறையின் சுவரைப் பற்றி இப்புழு குருதி உறிஞ்சும். பெண்புழு ஏறத்தாழ ஓரங்குல நீளம் இருக்கும். குருதி நிறைந்த செந்நிறக் குடலும், வெண்ணிறக் கருப்பையும் ஒன்றையொன்று முறுக்கிக் கிடத்தலால், சிவப்பும் வெள்ளையுமாய்த் திரித்த நூல்போல அது தோன்றும். ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சும் குருதி ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர், இது மிக அற்பம் எனத் தோன்றலாம். ஆயின் 1,000 புழுக்கள் இருப்பின் நாளொன்றுக்கு 50 மில்லிலிட்டர் போய்விடும். 20 கிலோ எடையுள்ள ஆட்டின் உடலில் ஓடும் குருதி முழுவதுமே ஏறத்தாழ 1.25 லிட்டர்தான். வரவு சிறிதும் செலவு பெரிதுமான குடும்பம் எத்தனை நாள் நிற்கும்?

குருதி குறையவே, அதிலுள்ள புரதமும் குறையும். அப்பொழுது நீர் குருதிக்குழாயினின்று கசிந்து தாடையின்கீழ்த் தங்கும். தலை தாழ்த்தி மேய்வதால் மாலையில் அவ்வீக்கம் மிகும். இரவில் படுத்து எழுந்தால் சற்றே வடியும். இவ்வடையாளத்தைக் கண்டும் நாட்கடத்துவோர் ஆட்டை இழப்பர்.

இப்புழு ஆட்டினுள் புகும் வழி யாதெனின், புல்லே. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேலும் இடும். அவை புழுக்கையோடு நிலத்தில் விழும். வெம்மையும் ஈரமும் கூடியிருப்பின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவற்றினின்று வந்த இளம்புழுக்கள் தொற்றும் பருவத்தை எய்தும். எனினும் உலர்ந்த புல்லில் அவை ஏற மாட்டா. புல்லின்மேற் படிந்த பனிநீரும் மழைநீருமே அவற்றுக்கு ஏணி. பெரும்பாலும் அடிப்புல்லிலேயே அவை தங்கும். அப்புல்லை ஆடு மேய்ந்த மூன்று வாரத்தில் புழு முதிர்ந்து தானும் முட்டையிடத் தொடங்கும்.

இதிலிருந்து சில தெளிவாகின்றன. சமவெளியின் கோடையில் காய்ந்த தரை இளம்புழுவுக்குப் பகை. ஆவணி முதல் ஐப்பசி வரையுள்ள மழையும், அதனைத் தொடர்ந்த பனியும் அதற்கு நட்பு. விடியலில் பனி உலராமுன் பட்டியைத் திறந்துவிடுவோர் புழுவுக்கே விருந்து வைக்கின்றனர். புல்லைத் தரையோடு தரையாக மேயவிடுதலும், ஒரே மேய்ச்சற் காட்டில் அளவுக்கு மிஞ்சிய ஆடுகளை நாடோறும் அடைத்தலும் அத்தகையனவே.

வெள்ளாட்டின் இயல்பு இவ்விடத்து நினைத்தற்குரியது. அது தலை நிமிர்ந்து தழை தின்னும் விலங்கு. வேலும் வாகையும் கொடுக்காய்ப்புளியும் அதற்கு இனிய உணவு. அதுவும் தின்ன மறுக்கும் தழை என்பதாலேயே 'ஆடுதொடா' என்னும் பெயர் ஒரு செடிக்கு வாய்த்தது என்பர். அதுவே நம் வேலியோர ஆடாதொடை. உயரத்துத் தழையில் இளம்புழு இல்லை. ஆதலால் புழுவை எதிர்க்கும் உடல்வலி செம்மறியினும் வெள்ளாட்டுக்குக் குறைவாகவே அமைந்துள்ளது. வேலியையும் புதரையும் அழித்துவிட்டு வெள்ளாட்டையும் புல்தரையில் மேய்க்கத் தொடங்கினால், அது தனக்குப் பழக்கமில்லாத பகையின் முன் நிற்க நேரும்.

இவையெல்லாம் யாம் ஏட்டில் மட்டும் கற்றவை அல்ல. எம் பள்ளி இறுதியாண்டில், ஐப்பசி மழைக்குப் பின், எம் வீட்டுத் தாயாடு ஒன்றுக்குத் தாடை வீங்கிற்று. 'நீர் கோத்துக்கொண்டது' என்றார் எம் பாட்டியார். கடையில் வாங்கிய புழுமருந்தைப் பெரிய ஆட்டிற்கும் குட்டிக்கும் ஒரே மூடியளவாக யாமே ஊற்றினோம். வீக்கம் வடிந்தது, யாமும் மகிழ்ந்தோம். ஆனால் ஒரு திங்களுக்குள் அவ்வாடும், அதன் இரு குட்டிகளும், பின்னும் ஓர் ஆடும் அடுத்தடுத்து மடிந்தன. கல்லூரியிற் சேர்தற்கெனக் குறித்து வைத்த ஆடுகள் அவை. கால்நடை மருத்துவர் ஒருவர் இறந்த ஆட்டின் நான்காம் இரைப்பையைத் திறந்து, கைந்நிறைய நெளியும் செவ்வெண் நூல்களைக் காட்டினார். பின்பு உயிரோடு நின்ற ஆடொன்றின் கீழிமையைத் தாழ்த்தினார். உட்புறம் சலவைத் துணிபோல் வெளுத்திருந்தது. "தம்பி, நீ கொடுத்த மருந்து நல்ல மருந்தே, பெரிய ஆட்டின் எடைக்கு அது பாதியளவு. சாகாத புழுவே பிழைத்துப் பெருகியது" என்றார். பாட்டியார் ஒன்றும் கூறவில்லை. வெற்றுக் கயிறுகளைச் சுருட்டி எரவாணத்தில் செருகினார். மருந்தை அளந்த கை எம் கையே என்பதை யாம் இன்றும் மறந்திலேம்.

இனி நீர்வழி வரும் பகையைக் காண்போம். காவிரியின் கரையில், ஜேடர்பாளையம் அணையினின்று பிரியும் ராஜவாய்க்காலின் பாசன நிலங்கள் பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கங்களைப் பசுமையாக்குகின்றன. தண்ணீர் நிற்கும் இத்தகைய இடங்களிலும், ஊர்க் குட்டைகளிலும் நத்தைகள் வாழும். ஈரலைத் துளைக்கும் தட்டைப்புழு தன் இளமையை நத்தையின் உடலிற் கழித்தே, பின் நீரோரப் புல்லில் ஒட்டிக்கொண்டு மாட்டின் வருகையை நோக்கியிருக்கும். நத்தையில்லையேல் அப்புழுவும் இல்லை. மாட்டின் மூக்கில் முண்டுகளைத் தோற்றுவித்து, மூச்சு விடும்போது குறட்டை ஒலி எழச் செய்யும் நோயும் இவ்வகையதே. அதற்குக் காரணமான குருதித் தட்டைப்புழுவை 1933 இல் சென்னை மாகாணத்து மாடுகளில் ஆராய்ந்து விவரித்தவர் எம். அனந்த நாராயண ராவ். இது நீரில் நீந்தி வந்து தோலைத் துளைத்தே புகும். ஆதலால் குட்டையில் மாட்டைக் கழுவுதலும் தீங்காகலாம். தொட்டி கட்டித் தூய நீர் காட்டுதலும், குட்டையோரத்தில் வேலியிடுதலும் மருந்தினும் சிறந்த காவலாம்.

மாட்டின் புறத்தே வாழும் உண்ணி குருதியைக் குடிப்பதோடு நில்லாது, நோயையும் ஊட்டிச் செல்லும். உண்ணியின் வழியே மாட்டுக்குக் காய்ச்சல் பரவுதலைத் தியோபால்டு ஸ்மித், கில்போர்ன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1893 இல் நிறுவினர். செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட 1897 ஆம் ஆண்டிற்கு இது நான்காண்டு முற்பட்டது. சிறுநீர் செந்நிறமாய்ப் போகும் பபீசியா நோயும், கழலைகள் வீங்கும் தைலேரியா நோயும் உண்ணியால் வருவனவே. ஆலம்பாடி, பர்கூர் முதலிய நாட்டு மாடுகள் உண்ணியை ஓரளவு தாங்கும். பால் மிகுதியை எண்ணி நாம் வளர்க்கும் ஜெர்சிக் கலப்பினப் பசுவுக்கு அத்தாங்குதிறன் குறைவு. ஆதலால் கலப்பினப் பசுவை வாங்குவோர் அதன் தொழுவத்திற்கும் செலவிட வேண்டும். ஓர் உண்ணி 2,000 முட்டைக்கு மேல் இடுவது மாட்டின் உடலில் அன்று. சுவர் வெடிப்பிலும் தரைப் பிளவிலுமாம். பிளவை அடைத்துச் சுண்ணாம்பு பூசாது, மாட்டின்மேல் மட்டும் மருந்து தெளித்தல் பாதி வேலையே.

நாமக்கல்லைப் பற்றி எழுதுவோர் கோழியை மறத்தல் இயலாது. நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான முட்டைகள் இங்கிருந்து செல்கின்றன. பண்ணைக் கோழிகளுள் முட்டையிடுவன பெரும்பாலும் கம்பிக் கூண்டில் வாழும். எச்சம் கீழே விழுந்துவிடுதலால், எச்சத்தின் வழியே பரவும் உருண்டைப்புழுவும், இரத்தக் கழிச்சலை விளைக்கும் ஐமீரியா என்னும் ஓரணு உயிரும் அங்கே வலியிழக்கும். ஆயின் உமியும் கடலைத் தோலும் பரப்பிய ஆழ்கூளத்தில் வளரும் குஞ்சுகளுக்கு அக்காவல் இல்லை. ஐமீரியாவின் முட்டைபோன்ற உறை எச்சத்தோடு வெளிவந்தவுடன் தீங்கு செய்யாது. வெம்மையும் ஈரமும் காற்றும் பெற்று ஓரிரு நாளில் முதிர்ந்த பின்னரே தொற்றும். தண்ணீர்க் குழாய் ஒழுகி நனைந்த கூளமும், மழைச்சாரல் புகும் கொட்டகையும், நெருக்கடியுமே அதற்குத் துணை. கூளத்தை நாடோறும் கிளறி உலரவிடும் உழைப்பு, குஞ்சுகளின் உயிர் காக்கும் உழைப்பாகும்.

கூண்டு ஒரு கதவை அடைத்ததெனினும் மற்றொன்றைத் திறந்தது. கூண்டின்கீழ்க் குவியும் எரு ஈரமாயின் ஈ மொய்க்கும், வண்டும் பெருகும். கோழியின் நாடாப்புழுக்களுள் சில ஈயினுள்ளும், சில வண்டினுள்ளும், சில எறும்பினுள்ளும் இளமையைக் கழிப்பன. தீவனத்தில் விழுந்த ஈயைக் கொத்தும் கோழி புழுவையும் விழுங்குகின்றது. முற்றத்தில் திரியும் நாட்டுக்கோழியோ எறும்பையும் வண்டையும் நாடோறும் தேடித் தின்பது. இவ்வாறு வளர்ப்பு முறை மாறுந்தோறும் பகை வரும் வாயிலும் மாறுகின்றது. வாயிலறிந்து காப்போனே பிழைப்பான்.

இவற்றையெல்லாம் மருந்தொன்றாலே வெல்லலாம் என்று எண்ணுவோர்க்கு ஒரு வரலாறு கூறுவோம். தையபென்டசோல் என்னும் சிறந்த புழுமருந்து 1961 இல் வெளிவந்தது. மூன்றாண்டுக்குள், 1964 இல், அதற்கு மடியாத ஹீமாங்கஸ் புழுக்கள் அமெரிக்காவிற் காணப்பட்டன. அடுத்தடுத்து வந்த மருந்துகளுக்கும் இக்கதியே நேர்ந்தது; நம் நாட்டு ஆட்டுப் பண்ணைகளிலும் மருந்துக்கு மடியாப் புழுக்கள் உள்ளன. ஆட்டின் எடைக்குக் குறைந்த அளவில் ஊட்டுதலும், ஒரே மருந்தை ஆண்டுதோறும் ஊட்டுதலும், நலமுள்ள ஆட்டுக்கும் காரணமின்றி ஊட்டுதலும் இதற்கு ஏதுக்கள். மந்தையிலுள்ள புழுக்களிற் பெரும்பகுதியைச் சில ஆடுகளே சுமக்கும் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. ஆகவே கீழிமையின் நிறத்தை ஐந்து படியாகப் பிரித்துக் காட்டும் வண்ண அட்டை ஒன்றைத் தென்னாப்பிரிக்க அறிஞர் அமைத்தனர். வெளுத்த கண்ணுள்ள ஆட்டுக்கு மட்டும் எடையறிந்து மருந்தூட்டினால், மருந்தின் வலியும் நீடிக்கும், செலவும் குறையும். மருந்துக்கு அடங்கும் புழுக்கள் மற்ற ஆடுகளில் எஞ்சியிருத்தலால், அடங்காதவை மட்டும் பெருகுதலும் தடைப்படும்.

நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. பொட்டனேரியில் மேச்சேரிச் செம்மறிக்கென ஆராய்ச்சி நிலையம் உள்ளது. ஒரு சிட்டிகைப் புழுக்கையை உருப்பெருக்கியின்கீழ் வைத்தால் புழுவின் முட்டையைக் கண்டுவிடலாம். மருந்துக் கடைக்குச் செல்லுமுன் புழுக்கைப் பொட்டலத்தோடு மருத்துவமனைக்குச் செல்லும் வழக்கம் ஊர்தோறும் பரவவேண்டும்.

கல்லூரியிற் பயிலும் நம்மிற் பலர் இச்சமவெளிச் சிற்றூர்களினின்று வந்தோம். பட்டியின் வருவாயால் படிப்போரும் நம்முள் உளர். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நாம் செய்யத்தக்கது பெரிதொன்றும் அன்று. பனி உலர்ந்தபின் பட்டியைத் திறக்கச் சொல்லலாம். ஒழுகும் தொட்டியை அடைக்கலாம். ஆட்டின் கீழிமையைத் தாழ்த்திப் பார்க்கும் முறையைப் பாட்டிக்கும் தம்பிக்கும் காட்டலாம். எம் வீட்டில் இன்று மருந்துக்குமுன் எடை பார்க்கும் தராசு ஒன்று எரவாணத்தில் தொங்குகின்றது. அன்று செருகிய கயிறுகளில் இரண்டை, புதிதாய் வாங்கிய குட்டிகளைக் கட்டப் பாட்டியார் எடுத்துவிட்டார்.