கம்பியில்லா மவுஸும் கடற்காற்றும்

வணிகர்கள் குரலெழுப்பி விலை கூறி மிளகு விற்ற ஊர், கொச்சியின் மட்டாஞ்சேரி. இன்று அங்கும் கணினித் திரையில் விலை பார்க்கின்றனர். கையிலுள்ள கம்பியில்லா மவுஸுக்கு உயிர், ஒரு சிறு மின்கலம்.

பளபளக்கும் மேசையிலும் கண்ணாடியிலும் மவுஸின் ஒளியுணரி தடுமாறும். கருநிறப் பரப்பில் பல மவுஸ்கள் கூடுதல் ஒளியைச் செலவிடும். வெளிர்நிற விரிப்பு மின்கலத்தின் ஆயுளைக் கூட்டும். பணி முடிந்ததும் அடிப்புற விசையை அணைத்தல் நன்று.

தீர்ந்துபோன அல்கலைன் மின்கலத்தை உள்ளேயே விட்டுவைப்பதுதான் பெருந்தவறு. அதனுள் வாயு பெருகி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசியும். ஈரமான கடற்காற்று உலோக முனைகளின் அரிப்பை விரைவாக்கும். சில ரூபாய் மின்கலம், பல நூறு ரூபாய்க் கருவியைப் பாழாக்கிவிடும்.

நெடுவிடுமுறைக்கு முன் மின்கலத்தைக் கழற்றி வையுங்கள். தீர்ந்ததைக் குப்பையில் இடாதீர்கள். அவற்றைத் திரட்டும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன.