பொறிக்கும் பொருத்தம் பார்ப்போம்

ஆடிச் சனிக்கிழமைகளில் தேனி மாவட்டக் குச்சனூர்த் தெருக்களில் கால் வைக்க இடமிராது. சுரபி ஆற்றங்கரையில் சனீசுவரர் சுயம்புவாய் எழுந்தருளியுள்ள இவ்வூருக்கு எள்விளக்கு ஏற்ற வருவோர், போகிற போக்கில் மக்களின் மணப்பொருத்தமும் பார்த்துச் செல்வதுண்டு. பிறந்த நாளும் நேரமும் ஊரும் தந்தால் கணினியே பத்துப் பொருத்தமும் கணித்துத் தாளில் அச்சிட்டுத் தந்துவிடுகிறது. சோதிடம் மெய்யா பொய்யா என்பது இங்கு நம் வழக்கன்று. அக்கணக்கின் அமைப்பு மட்டும் நமக்குப் போதும். இரச்சுப் பொருத்தம் தட்டினால் எஞ்சிய ஒன்பதும் இருந்தும் பயனில்லை என்பர். வேறு சில குறைந்தால் "பரவாயில்லை, முடிக்கலாம்" என்பர். மீறவே கூடாத விதி, மீறினால் சற்றே இழப்புத் தரும் விதி என்னும் இப்பிரிவினையைக் கணினியியலார் வன்கட்டுப்பாடு, மென்கட்டுப்பாடு என வழங்குவர்.

சென்ற ஆடியில் இவ்வூரிலுள்ள தமக்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். கல்லூரியில் சேரவிருந்த மருமகன், "மாமா, கம்ப்யூட்டர ரெடிமேடா வாங்க வேணாம். பார்ட் பார்ட்டா வாங்கி நாமளே மாட்டிக்குவோம்" என்றான். கையிருப்பு அறுபதாயிரம் ரூபாய். செயலி, தாய்ப்பலகை, நினைவகம், வரைகலை அட்டை, சேமிப்பகம், மின்வழங்கி, குளிர்விப்பான், பெட்டி என எட்டுப் பாகங்கள். ஒவ்வொன்றிலும் பத்து வகை எனக் கொண்டாலும் கூட்டுகள் பத்துக் கோடி. நொடிக்கு ஒன்றாக இரவு பகல் பாராது சோதித்தாலும் மூன்றாண்டும் இரண்டு திங்களும் ஆகும்.

பாகங்களின் பொருத்தம் பார்க்கும் கணிப்பொறி நிரல் அத்தனையையும் சோதிப்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டக்காரர் கவாத்து வெட்டுவது போல, பழம் தராத கிளையை முளையிலேயே கிள்ளி எறிகிறது. செயலி இன்னதென்று முடிவானதும் அதனை ஏற்காத தாய்ப்பலகைகள் அனைத்தும் ஒரே வெட்டில் வீழ்கின்றன. பலகை முடிவானதும் ஒவ்வாத நினைவகங்கள் வீழ்கின்றன. கோடிகள் வெகுவாய்ச் சுருங்குகின்றன. விலை வரம்புக்குள் மிகுபயன் தரும் கூட்டைத் தேர்வது அதன் பின்னரே. அது கணிதத்தார் மூட்டைச் சிக்கல் என அழைக்கும் கடினக் கணக்கின் உறவுமுறை. கவாத்து முடிந்தபின் அதுவும் கைக்கு அடங்கிவிடுகிறது.

இக்கலை புதிதன்று. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வாக்ஸ் என்னும் கணினிகளைப் பாகம் பாகமாகவே விற்றது. விற்பனையாளர் எழுதும் பட்டியலில் வடமொன்றோ பலகையொன்றோ விடுபட்டுப் போகும். பெட்டிகளைப் பிரித்து அடுக்கும்போதுதான் குறை தெரியும். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மட் 1978இல் இதற்கென ஒரு நிரலை வகுக்கத் தொடங்கினார். எக்ஸ்கான் எனப் பெயர்பெற்ற அது 1980இல் பணிக்கு வந்தது. 1986க்குள் எண்பதாயிரம் ஆணைகளைச் சரிபார்த்திருந்தது. எக்ஸ்கானை வாட்டிய நோய் ஒன்றுண்டு. புதுப்பாகம் வெளிவரும்போதெல்லாம் விதிகளைத் திருத்தி எழுத வேண்டும். எழுதத் தவறினால் அறிவாளிக் கருவி அன்றே பழைய பஞ்சாங்கம். இன்றைய பி.சி. பார்ட் பிக்கர் போன்ற இணையக் கருவிகளுக்கும் இந்நோய் பொது.

நினைவகத் துண்டு ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டும் ஒரே நீளம். இரண்டிலும் 288 பொன்னிறத் தொடுமுனைகள். ஆயினும் அடிவிளிம்பில் உள்ள சிறு வெட்டு இரண்டிலும் சற்றே இடம் மாறி நிற்கும். முன்னது 1.2 வோல்ட்டிலும் பின்னது 1.1 வோல்ட்டிலும் இயங்குவன. ஒன்றன் இடத்தில் மற்றொன்றைத் தவறியும் செருகிவிடக்கூடாது என்பதற்கே அவ்வெட்டு. செயலியும் அவ்வாறே. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 செயலியின் அடியில் 1,331 ஊசிகள் இருக்கும்; 2022இல் வந்த ஏ.எம்.5இல் ஊசிகள் பலகைக்கு இடம்பெயர்ந்துவிட்டன, செயலியின் அடியில் 1,718 தட்டைப் புள்ளிகளே உள்ளன. கடைக்காரர் சாக்கெட் என்னும் இச்செருகுவாய்தான் கணினியின் இரச்சுப் பொருத்தம்.

வாய் பொருந்தியும் வாழாத இணைகளும் உண்டு. 2018இல் வந்த பி450 வகைப் பலகையில் 2020இல் வந்த ரைசன் 5000 செயலி அழகாக அமரும். பலகையின் நிலைபொருள், அதாவது பயாஸ், பழையதாயின் புதுச்செயலியை அது அடையாளம் காணாது. காற்றாடி சுழலும், விளக்கெரியும், திரை மட்டும் இருளாய் நிற்கும். ரைசன் 5 5600 வாங்கித் தனி வரைகலை அட்டை வாங்காதவருக்கும் அதே இருள்தான். அச்செயலியினுள் வரைகலைப் பகுதியே கிடையாது, 5600ஜி என்பதில் உண்டு. ஓர் எழுத்தில் வாழ்வும் தாழ்வும்! இத்தகைய இடங்களில் நல்ல கருவி எச்சரிக்கிறது. மின்னணுக் கடைவீதியான சென்னை ரிச்சி தெருவில் நிற்பவர் அடுத்த கடைக்கு நடந்து மாற்றிக்கொள்வார். ஐந்நூறு கிலோமீட்டருக்கு இப்பால் குச்சனூரில் இருப்பவர் மீண்டும் கட்டி அஞ்சலில் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். ஆகவே இக்கருவி நகரத்தானினும் சிற்றூரானுக்கே பெரிதும் வேண்டுவது என்பேன்.

எது பொருந்தாது எனச் சொல்வதில் கருவி வல்லது. எது சிறந்தது எனச் சொல்லத் தொடங்கும்போதுதான் தடுமாறுகிறது. செயலியையும் அட்டையையும் இட்டால் "ஒன்றால் மற்றொன்றுக்குத் தடை இத்தனை விழுக்காடு" என ஒற்றை எண் உமிழும் பக்கங்களை நான் பொருட்படுத்துவதில்லை. ஒரு பகுதியை விரைவாக்கினால் முழுப்பணி எவ்வளவு விரையும் என்னும் கணக்கைக் கணினி வல்லுநர் ஜீன் அம்டால் 1967இலேயே வகுத்துவிட்டார். ஒரு பணியின் நேரத்தில் அறுபது விழுக்காடு வரைகலை அட்டையில் கழிகிறதென்க. இருமடங்கு விரைவுள்ள அட்டை வாங்கினாலும் மொத்தப் பணி 1.43 மடங்கே விரையும். பத்து விழுக்காடு மட்டும் கழியும் பணியாயின் 1.05 மடங்கு. பணி இன்னதென அறியாது சொல்லும் விழுக்காடு, பெண்ணையும் பிள்ளையையும் அறியாத தரகன் வாக்கு. உரையாடும் செயற்கை நுண்ணறிவிடம் பட்டியல் கேட்டாலும் எச்சரிக்கை வேண்டும். அது சரளமாகப் பேசும். விற்பனையிலிருந்தே போய்விட்ட பாகத்தையும் அதே சரளத்தோடு பரிந்துரைக்கும். அதனிடம் ஐயம் கேட்டுத் தெளியலாம். பொருத்தத்தை விதிப்பட்டியல் கொண்ட கருவியிடம் சரிபார்த்துக்கொள்வதே முறை.

இனி, எந்தக் கருவியும் நம்மிடம் கேளாத வினாக்கள். குளிர்விப்பான், சுற்றியுள்ள காற்றை விட இத்தனை பாகை கூடுதல் என்ற அளவில்தான் செயலியை வைத்திருக்கும். 25 பாகை அறையில் 70 காட்டும் செயலி, கோடைப் பிற்பகலில் 38 பாகை கொதிக்கும் மாடியறையில் 83 காட்டும். மின்வழங்கிகளுக்கு 80 பிளஸ் தரச்சான்று வழங்கும் சோதனை ஏறத்தாழ 23 பாகையில் நடப்பது. குச்சனூர் மாடியில் 23 பாகை மார்கழி விடியலில் வேண்டுமானால் கிட்டும். மின்னழுத்தமும் அப்படியே. 300 வாட்டு இழுக்கும் கணினி 230 வோல்ட்டில் 1.3 ஆம்பியர் கொள்ளும். மாலையில் 180க்கு இறங்கினால் 1.67 ஆம்பியர் கேட்கும். 100 முதல் 240 வோல்ட்டு வரை ஏற்கும் மின்வழங்கி அதைத் தாங்கும். 200க்குக் கீழ் ஏற்காத மலிவுப்பெட்டி அணைந்துவிடும். ஆடிக்காற்று அள்ளி வரும் புழுதிக்கும் எந்தப் பட்டியலிலும் கட்டமில்லை. தூசிவலை கழற்றிக் கழுவத்தக்கதா என்பதைப் பெட்டியின் படத்தைப் பெரிதாக்கி நாமே பார்க்க வேண்டியிருந்தது.

மருமகனின் பட்டியலை நான்கு முறை மாற்றினோம். வரைகலை அட்டையில் ஒருபடி இறங்கி, மிஞ்சிய தொகையில் நல்ல மின்வழங்கியும் சிறு யு.பி.எஸ்.ஸும் சேர்த்தோம். இதற்கு அவன் முகம் சற்றுச் சுருங்கியது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இவ்வட்டாரத்துப் போடிநாயக்கனூர் அரசு பொறியியல் கல்லூரி மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடுவோர் தமிழிலேயே இத்தகைய கருவி ஒன்றை ஆக்கித் தாருங்கள். செருகுவாய், நினைவக வகை, அட்டையின் நீளம் எல்லாம் சில அட்டவணைகளில் அடங்குவன. அவற்றோடு அறையின் வெம்மைக்கு ஒரு கட்டமும், வீட்டின் மின்னழுத்தத்துக்கு ஒரு கட்டமும் சேர்த்துவிடுங்கள்.